சாயப்பானையைத் தறியிலிருந்து பிரிக்காதீர்கள்

தமிழ்நாடு அரசின் கைத்தறித் துறை அதிகாரிகளுக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாருக்கும்,

வணக்கம்.

நான் ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கும் நொய்யல் ஆற்றுக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூரில் கைத்தறி நெய்பவள். குழித்தறிதான். பருத்திச் சேலை, துண்டு, கேட்பவர்களுக்குப் போர்வை. நூலுக்கு நிறம் ஏற்றுவதும் நானே. நீலம் தரும் அவுரிச் செடி, கடுக்காய், மாதுளம் தோல், மஞ்சணத்தி வேர், இவைதான் என் சரக்கு. இரண்டு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தறி ஒரு துறையின் கணக்கில் வருகிறது, சாயம் இன்னொரு வாரியத்தின் கணக்கில் வருகிறது. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இந்த வேலையை முழுதாகப் பார்க்கிற அலுவலகம் எதுவும் இல்லாததால் நீங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேட்பது ஒன்றுதான். தன் தறிக்கு வேண்டிய நூலை மட்டும், செடி கொடியிலிருந்து எடுத்த சாயத்தில், தன் வீட்டிலேயே முக்கி எடுக்கும் நெசவாளியை ரசாயனச் சாயப்பட்டறையின் வரிசையில் நிறுத்தாதீர்கள். அவருக்கென்று தனியாக ஒரு விதி எழுதுங்கள். கண்டிப்பான விதியாகவே எழுதுங்கள், எனக்கு அதில் சம்மதம்.

முதலில் நொய்யலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அதைப் பேசாமல் எங்கள் பக்கத்தில் சாயத்தைப் பற்றி வாய் திறக்க யாருக்கும் உரிமை இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் தாண்டி எங்கள் பக்கமாக வந்து காவிரியில் சேரும் ஆறு அது. திருப்பூரில் பனியன் தொழில் பெருத்த காலத்தில் சாயக் கழிவு எல்லாம் அதில்தான் இறங்கியது. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் இடமாகப் போனது. அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. தண்ணீருக்காக ஏங்கும் சீமையில், வருகிற தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல வைத்தது எவ்வளவு பெரிய கொடுமை! கிணறுகள் உப்பேறின. விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் அவை மறுபடி திறந்தன.

அந்தத் தீர்ப்பை நான் முழு மனதோடு ஆதரிக்கிறவள். அந்த விவசாயிகள் எங்கள் உறவும் பக்கத்து வீடும்தான். ஆற்றைக் காக்க எழுதிய விதியில் ஒரு எழுத்தைக்கூடத் தளர்த்தச் சொல்லி இந்த மடல் வரவில்லை. அந்த விதி யாரை நினைத்து எழுதப்பட்டதோ அவர்களிடமிருந்து எங்களைப் பிரித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

விதி என்ன சொல்கிறது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் தொழில்களை வெள்ளை, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று நான்காகப் பிரித்தது. கைத்தறி நெசவு வெள்ளைப் பட்டியலில் இருக்கிறது. மாசு இல்லாத தொழில், தனியாக அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வரியிலேயே ஒரு நிபந்தனையும் சேர்ந்து நிற்கிறது: சாயமேற்றுவதும் வெளுப்பதும் இல்லாத கைத்தறி. கழிவு வெளியேறும்படி நூலுக்குச் சாயமேற்றுவது சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. ஆக, தறியில் உட்கார்ந்திருக்கும்வரை நான் வெள்ளை. எழுந்து வாசலுக்கு வந்து கடுக்காய்த் தண்ணீரில் நூலை முக்கினால் சிவப்பு. நடுவில் பச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. என்ன சாயம், எத்தனை கிலோ நூல், தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் இடமே இல்லை.

இதற்கு மேல் நம் மாநிலத்தின் அரசாணைகள். அதிகம் மாசுபடுத்தும் தொழில்களை ஆறு, ஏரிகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடங்கக் கூடாது என்று 1989இல் ஒரு ஆணை வந்தது. காவிரியும் அதன் துணையாறுகளும், பாலாறு, பெண்ணையாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கு அந்தத் தூரத்தை 5 கிலோமீட்டராக 1998 ஆணை நீட்டியது. வெளுப்பு, சாயத் தொழில் அந்தப் பட்டியலில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் நெசவு ஊர்கள் எங்கே இருக்கின்றன? தண்ணீர் இருந்த இடத்தில்தான் நெசவாளர்கள் குடியேறினார்கள். நொய்யல் காவிரியின் துணையாறு. எங்கள் ஊரில் எந்த வீட்டு வாசலில் நின்று அளந்தாலும் 5 கிலோமீட்டருக்குள்தான் வரும்.

ஒரு அலுவலகத்தில் இதைப் பற்றிக் கேட்டேன். “சாயம்னா சாயந்தாம்மா” என்றார் அங்கே இருந்தவர். எரிச்சலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அவர் கையில் இருந்த தாளில் வேறு பதில் இல்லை. அந்தத் தாளை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அளவைச் சொன்னால் விஷயம் விளங்கும். ஒரு பருத்திச் சேலைக்கு ஏறக்குறைய அரைக் கிலோ நூல் போகும். ஒரு கைத்தறி வாரம் முழுக்க ஓடினாலும் தின்பது ஒன்றிரண்டு கிலோ. ஒரு கிலோ நூலை ஒரு முறை முக்கி எடுக்க 20 முதல் 30 லிட்டர் தண்ணீர் வேண்டும். கடுக்காய், படிகாரம், சாயம், அலசல் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும், ஒரு தறிக்காரர் வீட்டில் ஒரு வாரத்தில் வெளியேறும் சாயத் தண்ணீர் சில பீப்பாய்களுக்குள் அடங்கிவிடும். சிறிய சாயப்பட்டறைகூட இதைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும்.

அப்புறம், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இயற்கை என்ற பெயர் இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. செடிச் சாயம் பருத்தியில் தானாக ஒட்டாது. பட்டும் கம்பளியும் சாயத்தைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், பருத்தி பிடிக்காது. முதலில் கோரா நூலை, அதாவது வெளுக்காத, சாயம் ஏறாத நூலை, நன்றாக வேகவைத்து அதிலுள்ள மெழுகையும் எண்ணெயையும் எடுக்க வேண்டும். பிறகு ஒரு கிலோ நூலுக்கு 200 கிராம் அளவில் கடுக்காய்ப் பொடி கரைத்த தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்புதான் நூலுக்கும் சாயத்துக்கும் நடுவில் பாலம். அதன் பிறகு படிகாரம். படிகாரத்துக்குப் பதில் இரும்புத் தண்ணீர் போட்டால் அதே கடுக்காய் கறுப்பாகும். வெல்லத்தோடு துருப்பிடித்த இரும்பைப் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்த தண்ணீர் அது.

இதில் ஆபத்தான வழிகளும் உண்டு. நிறம் பளிச்சென்று நிற்பதற்காக மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், குரோமிய உப்பு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். செடியில் எடுத்த சாயத்தை இப்படி உலோக உப்பில் தோய்த்து இயற்கைச் சாயம் என்று விற்பது வாங்குபவருக்கும் செய்யும் துரோகம், மண்ணுக்கும் செய்யும் துரோகம். படிகாரத் தண்ணீரையே கண்ட இடத்தில் தொடர்ந்து கொட்டினால் மண் புளித்துப்போகும். கடுக்காய்த் தண்ணீர் கருநிறத்தில் குட்டையில் இறங்கினால் மீனுக்கு ஆகாது. எங்கள் வீட்டில் படிகாரத் தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்து, மண்டியைத் தனியாக எடுத்துவிட்டுத்தான் வெளியே விடுகிறோம். இந்த வழக்கம் சரியா, போதுமா என்று சோதித்துச் சொல்ல வேண்டியது வாரியம். சோதிக்க வாருங்கள் என்று கூப்பிட்டால், முதலில் சிவப்புப் பட்டியல் அனுமதி எங்கே என்று கேட்கிறார்கள். அங்கேயே பேச்சு நின்றுவிடுகிறது.

அவுரியைப் பற்றிக் கொஞ்சம் நிறைய எழுத அனுமதியுங்கள். இந்த வேலையில் நான் அதிகம் நேசிக்கும் பகுதி அது. விதைத்து மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும் பயறு வகைச் செடி, நிலத்துக்கும் உரம். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் இன்றும் பயிரிடுகிறார்கள். அறுத்த செடியைத் தொட்டித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால் தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாகும். அந்தத் தண்ணீரை வேறு தொட்டிக்கு மாற்றிக் கலக்கி அடிக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் வரிசையாக நின்று காலால் உதைத்துக் கலக்குவது பழைய முறை. காற்றுப் பட்டதும் நுரை நீலமாகும், நீலம் அடியில் படியும். அதை வடிகட்டி, காய்ச்சி, அழுத்தி, கட்டியாக அறுத்துக் காயவைப்பார்கள். ஊறிய இலையும் தண்டும் வயலுக்குத் திரும்பிப் போகும். மதராஸ் ராஜதானிக் காலத்தில் தென் ஆற்காடும் கடப்பையும் இதில் பேர்பெற்ற ஜில்லாக்கள். 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் ஆலையில் செய்த நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அந்தத் தொட்டிகள் ஒவ்வொன்றாக வறண்டன. சிவப்புக்கு அதற்கும் முன்பே அந்தக் கதி வந்துவிட்டது. சாயவேரின் செந்நிறத்துக்கு ஈடு கொடுக்கும் அலிசரினை 1868இல் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். ராமநாதபுரக் கரையிலும் மன்னார், யாழ்ப்பாண மணலிலும் வேர் தோண்டிப் பிழைத்தவர்களுக்கு வேலை இல்லாமல் போனது.

நீலக் கட்டி தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்க ஒரு பானைக்கு உயிர் கொடுக்க வேண்டும். சுண்ணாம்பு, வேகவைத்த ஊசித்தகரை விதை, கொஞ்சம் வெல்லம் சேர்த்துப் புளிக்கவிட்டால், சில நாளில் மேலே செம்பு நிறத்தில் ஏடு கட்டும், நீல நுரை பூக்கும், உள்ளே தண்ணீர் மஞ்சள் பச்சையாக இருக்கும். பானை தயார் என்று மூக்கே சொல்லிவிடும். நூலைக் காற்றுப் புகாமல் மெல்ல இறக்கி, பிழிந்து வெளியே எடுத்தால் பச்சையாக வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்முன் நீலமாக மாறும். ஒரு முக்குக்கு ஆகாய நீலம், பல முக்குக்கு இரவு நீலம். தைப் பனியில் பானை சோம்பிப் போகும், சாக்குப் போர்த்தி வெயிலில் வைக்க வேண்டும். வாரியத்தார் குறித்துக்கொள்ள வேண்டியது இது: அவுரிப் பானையை யாரும் கொட்டுவதில்லை. மாதக்கணக்கில், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும், அதே பானைக்குத் தீனி கொடுத்து வேலை வாங்குவோம். வெளியேறுவது அலசும் தண்ணீர் மட்டும்.

ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஞ்சள் விளையும் சீமையில் இருந்துகொண்டு மஞ்சளில் சாயம் போடுவதில்லையா என்று கேட்பார்கள். போடலாம், முதல் நாள் தங்கம் மாதிரி இருக்கும். வெயில் பட்டால் ஓடிவிடும். அதை நம்பிச் சேலை வாங்கியவர் நம்மைத் திட்டுவார், அப்புறம் எல்லா இயற்கைச் சாயத்தையும் சேர்த்தே திட்டுவார். அதனால் மஞ்சள் நிறத்துக்கு மாதுளம் தோலும் செண்டுமல்லியும்தான். பச்சைக்குத் தனிச் சாயம் நம்மிடம் கிடையாது. மஞ்சள் ஏற்றிய நூலை அவுரியில் முக்கினால்தான் பச்சை. மஞ்சணத்தி வேரில் சிவப்பு வரும், ஆனால் வேருக்காக நிற்கிற மரத்தை வெட்டக் கூடாது. காடு திருத்தும்போது வேலியோரம் தோண்டி எறிகிற வேரைச் சொல்லிவைத்து வாங்கிக்கொள்கிறேன். அடுப்புக்குச் சீமைக் கருவேல விறகு. அது எத்தனை வெட்டினாலும் இந்த மண்ணுக்கு நல்லதுதான்.

இவ்வளவு விரிவாகச் சொல்வது கைத்தறித் துறையாருக்காக. இந்த அறிவு கையில் இருக்கும்போது ஒரு நெசவாளி யாராக மாறுகிறார் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலான தறிகள் கூலிக்கு ஓடுகின்றன. சங்கமோ முதலாளியோ சாயம் ஏற்றிய நூலைத் தருவார்கள். கோடு எங்கே, கட்டம் எத்தனை, கரை என்ன நிறம் என்று எல்லாம் முடிவாகி வந்திருக்கும். நீளவாட்டில் ஓடும் பாவு நூலைப் பிணைத்து, குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தாரில் சுற்றி, நெய்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்க வேண்டும். சங்கங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எம்.பி. நாச்சிமுத்து போன்றவர்கள் சென்னிமலையில் கட்டிய கூட்டுறவு இல்லாவிட்டால் எங்கள் முந்தைய தலைமுறையில் பலருக்குச் சோறு இல்லை. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் தருகிறீர்கள், நன்றி. 1985 சட்டத்தில் சேலை, துண்டு, ஜமக்காளம் என்று 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதை மீறும் விசைத்தறிகளைத் தடுக்க முடியாமல் போனாலும், சட்டமாவது இருக்கிறது.

ஆனால் இவை எல்லாம் நெசவாளியைப் பிழைக்க வைக்கும் ஏற்பாடுகள். அவர் எதையாவது உருவாக்க விரும்பினால் அதற்கு ஒரு ஏற்பாடும் இல்லை. 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுக்க 35 லட்சத்துச் சொச்சம் பேர் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களில் பெரும்பான்மை பெண்கள். மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தொடவில்லை. இந்த வருமானத்துக்கு, யாரோ வரைந்த கட்டத்தை யாரோ ஏற்றிய நிறத்தில் காலம் முழுவதும் நெய்துகொண்டிரு என்று பிள்ளைகளிடம் எந்த வாயால் சொல்வது? பெருந்துறை சிப்காட்டுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகளை நான் தடுக்க மாட்டேன். பணம் ஒரு காரணம்தான். அந்தத் தறியில் அவர்களுடையது என்று எதுவுமே இல்லை என்பது இன்னொரு காரணம்.

சாயம் கைக்கு வந்ததும் இது மாறுகிறது. பாவு ஓட்டும்போதே சேலையில் பாதி முடிவாகிவிடும். எந்த நீலத்துக்குப் பக்கத்தில் எந்தக் காவி, நடுவில் சாயம் ஏறாத கோரா எத்தனை இழை, ஊடையில் சாம்பல் நிறம் ஓட்டினால் உடம்பு எப்படி மங்கும், முந்தியில் மாதுளை மஞ்சள் எவ்வளவு தாங்கும் என்று யோசிக்கும் உரிமை நெய்கிறவரிடம் வந்துவிடுகிறது. செண்டுமல்லி மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் மஞ்சள் நூல் சேர்த்துவைப்பேன். மழைக்காலத்தில் சாய வேலை கிடையாது, நூல் காயாது. அந்த ஈரத்தில் பாவு இழை அறாமல் ஓடும், அதனால் அது நெசவுக் காலம். சித்திரை வெயிலில் இழை அறுந்து உயிரை வாங்கும், ஆனால் சாயம் அருமையாகக் காயும். காடு, மழை, வெயில், பூ என்று ஊரில் நடப்பதெல்லாம் துணிக்குள் வந்துவிடுகின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு ஓவியருக்கு இருக்கும் வாழ்க்கைக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இதை ஒரு கிராமத்துப் பெண் தன் வீட்டு வாசலில் வாழ முடிகிறது என்பதில்தான் எனக்குப் பெருமை.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம். 2015இல் சென்னையில்தான் முதன்முதலில் கொண்டாடினார்கள். அன்று மேடையில் எங்களைக் கலைஞர்கள் என்கிறீர்கள், அதைக் கேட்க மனம் குளிர்கிறது. கலைஞருக்கு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாமல் எப்படி?

இது நடக்கக்கூடியதுதான். குஜராத்தின் கச்சில் 2001 பூகம்பத்துக்குப் பிறகு, அஜ்ரக் துணி அச்சிடும் சாயக்காரக் குடும்பங்கள் தங்கள் சாயத்துக்கு ஒத்துவரும் தண்ணீரைத் தேடிப் போய் அஜ்ரக்பூர் என்று ஒரு புது ஊரையே அமைத்துக்கொண்டன. ஆந்திரத்தில் தஸ்த்கார் ஆந்திரா அமைப்பு 1990களில் நெசவாளர்களோடு சேர்ந்து பழைய சாய முறைகளைத் திரும்பக் கொண்டுவந்தது. இங்கே ஆரோவில் பக்கத்தில் புளிக்கவைத்த அவுரித் தொட்டிகள் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. நம் கோ-ஆப்டெக்ஸும் ஒரு காலத்தில் சேலையோடு நெய்தவரின் பெயரும் படமும் போட்ட அட்டையை வைத்து விற்றது. அந்த அட்டையைப் பார்த்தபோது எங்கள் தெருவே பேசியது. ஆக, அறிவு இருக்கிறது, வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தனி நெசவாளிக்கு நடுவில் நிற்பது அந்தப் பட்டியலின் ஒரு வரிதான்.

அந்த வரியை எப்படி மாற்றலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரு குடும்பம் வாரத்துக்கு 10 கிலோ நூல் வரை, தன் தறிக்காக மட்டும் சாயமேற்றினால் அது வீட்டுச் சாயம் என்று ஒரு தனி வகை இருக்கட்டும். அதற்குச் சிவப்புப் பட்டியல் அனுமதி வேண்டாம், பதிவு போதும். கூலிக்கு அடுத்தவர் நூலை வாங்கிச் சாயம் போட்டால் அந்தச் சலுகை போகட்டும். படிகாரமும் இரும்பும் தவிர வேறு உலோக உப்பு வீட்டில் இருக்கவே கூடாது. மயில்துத்தம், குரோமியம், வெள்ளீய உப்பு, பிளீச்சிங் பவுடர் எது அகப்பட்டாலும் பதிவை ரத்து செய்யுங்கள். தண்ணீர் சுண்ணாம்புத் தொட்டியில் தெளியாமல் வெளியே போகக் கூடாது, தெளிந்த பிறகும் ஓடைக்கும் ஆற்றுக்கும் போகக் கூடாது. தொட்டி எத்தனை அடி, தெளிந்த தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாமா, கூடாதா என்று வாரியத்தின் பொறியாளர்கள் ஒரு முறை அளந்து எழுதிக் கொடுத்தால் நாங்கள் அதன்படி கட்டுகிறோம். சொல்லாமல் கொள்ளாமல் எந்த நாளிலும் வந்து பாருங்கள்.

ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பது எப்படி என்பீர்கள். நியாயமான கேள்வி. அவுரி இலையிலிருந்து வரும் நீலமும் ஆலையில் செய்யும் நீலமும் ஒரே பொருள்தான், கண்ணால் பார்த்து யாரும் பிரிக்க முடியாது. அதனால் துணியை மட்டும் பார்த்துப் பயனில்லை, ஏட்டைப் பாருங்கள். எத்தனை கிலோ நீலக் கட்டி யாரிடம் வாங்கினோம், எத்தனை கிலோ நூல் முக்கினோம் என்று நாங்கள் எழுதிவைக்கிறோம். வாங்கிய சாயத்துக்கும் நெய்த துணிக்கும் கணக்கு ஒத்துவராவிட்டால் கேளுங்கள். 2006இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்தது என்பதற்குச் சான்று. சாயத்தைப் பற்றி அது பேசுவதில்லை. அதன் பக்கத்தில் சாயத்துக்கும் ஒரு முத்திரை வந்தால் வாங்குகிறவர்களுக்கும் நிம்மதி.

கைத்தறித் துறையிடம் இன்னும் இரண்டு வேண்டுகோள். சாயம் ஏறாத கோரா நூல் சிட்டமாகவும் (சுற்றிக் கட்டிய நூல் சுருளாகவும்) சிறிய அளவிலும் கிடைக்க வழி செய்யுங்கள். ஆலைகள் உற்பத்தியில் ஒரு பங்கைச் சிட்ட நூலாகத் தர வேண்டும் என்ற கட்டாயத்தை 2019இல் 40 சதவீதத்திலிருந்து 30 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதன் வலி எங்களைப் போன்ற சிறிய ஆட்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. நாலரை கிலோ சிப்பமாகத்தான் தருவேன் என்றால், ஒரே எண் நூலில் அவ்வளவு பணத்தை முடக்க எங்களால் ஆகாது. இரண்டாவது, சங்கங்களின் தரப் பரிசோதனை. ஒரு சங்கத்தில் செடிச் சாயப் போர்வையை, இரண்டு ஓரத்திலும் நிறம் ஒரே சீராக இல்லை என்று திருப்பிவிட்டார்கள். வெளுக்கிறதா, தண்ணீரில் விடுகிறதா என்று சோதியுங்கள், அதில் தவறினால் தள்ளுங்கள். இரண்டு முக்குக்கு நடுவே நிறம் ஒரு மாற்றுக் குறைவாக வருவது இந்தச் சாயத்தின் இயல்பு. அதைக் குற்றமாக எழுதாதீர்கள். சேலத்தில் 1960 முதல் இருக்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் செடிச் சாயத்துக்கென்று ஒரு தர அளவை வகுத்துத் தர முடியும், அதற்கான ஆட்களும் கருவிகளும் அவர்களிடம் இருக்கின்றன.

என் அவுரி அலசல் தண்ணீர், கடுக்காய்த் தண்ணீர், தெளியவைத்த படிகாரத் தண்ணீர் மூன்றையும் தனித்தனியாக எடுத்துப்போய் உங்கள் ஆய்வகத்தில் பாருங்கள். சாயத் தொட்டிக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு எனக்குப் பாதகமாக வந்தாலும் ஊர் நோட்டீஸ் பலகையில் ஒட்ட நான் சம்மதம். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் நல்லது. மழை பிடித்துவிட்டால் தை வரைக்கும் சாய வேலை நடக்காது, எடுத்துப்போக மாதிரி இருக்காது.

இப்படிக்கு,
நொய்யல் கரையோரக் கைத்தறி நெசவாளி ஒருத்தி
சென்னிமலை வட்டாரம், ஈரோடு மாவட்டம்